புவெனஸ் ஐரிஸில் மூன்று நாள் நடைச் சுற்றுலா: முதல் நாளுக்கு மட்டும் பணம் கொடுக்கலாம்

சென்ற நவம்பரில் அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். நகரின் பழைய பேட்டைகளையும் முக்கியமான கட்டடங்களையும் நடந்தே சுற்றிக் காட்டும் மூன்று நாள் சேவை ஒன்றை ஊரிலிருந்தே பதிவு செய்துவிட்டுத்தான் போனேன். குழுவில் பத்துப் பேர். ஆங்கிலம் பேசும் உள்ளூர் வழிகாட்டி. காலை ஒன்பதரை மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை நடை. நடுவில் ஒரு மதிய உணவு. ஒரு நாள் கட்டணம், அந்த நகரில் ஒரு நல்ல உணவகத்தில் இருவர் இரவுச் சாப்பாடு சாப்பிடும் செலவுக்கு ஏறத்தாழச் சமம். இதே வழித்தடத்தில் இதே வகைச் சேவையைப் பல நிறுவனங்கள் நடத்துவதாலும், எனக்கிருந்த குறைகள் பெரும்பாலும் அந்த வழித்தடத்தைப் பற்றியவை என்பதாலும், நான் போன நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாள், கொடுத்த பணத்துக்கு இரு மடங்கு தந்தது. இரண்டாம் நாள் பாதி தேறியது. மூன்றாம் நாள் தேவையே இல்லை.

முதல் நாள் சிறந்ததற்குக் காரணம், வழிகாட்டி அன்றைய நடை முழுவதையும் ஒரே கேள்வியில் கட்டிவைத்திருந்ததுதான். இந்த நகரத்தின் பணம் ஏன் தெற்கிலிருந்து வடக்கே போனது? பிளாசா தெ மாயோ சதுக்கத்தில் நின்றுகொண்டு அவர் இதைக் கேட்டபோது எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை. விடை ஓர் ஆண்டில் இருக்கிறது: 1871. அந்த ஆண்டு மஞ்சள் காய்ச்சல் பரவி, இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத நகரத்தில் சுமார் 14,000 பேரைக் கொண்டுபோனது. கொசுவால் பரவும் நோய் அது என்பது அன்று யாருக்கும் தெரியாது. தாழ்வான, ஈரமான தெற்குப் பேட்டைகளின் காற்றே நச்சு என்று நம்பிய செல்வந்தர்கள், வீடுகளைப் பூட்டிவிட்டு மேட்டுப் பாங்கான வடக்குக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் விட்டுச் சென்ற மாளிகைகளில், கப்பலிலிருந்து இறங்கிய இத்தாலிய, ஸ்பானியத் தொழிலாளர்கள் அறைக்கு ஒரு குடும்பமாக ஏறினார்கள். சான் தெல்மோ, லா போகா, ரெகொலெத்தா என்று சுற்றுலாக் கையேடுகள் தனித்தனியாகப் பட்டியலிடும் இடங்கள் ஒரே கதையின் வெவ்வேறு அத்தியாயங்கள் என்பது இந்த ஒரு செய்திக்குப் பிறகுதான் எனக்குப் புலப்பட்டது.

சதுக்கத்திலேயே ஒரு மணி நேரம் நின்றோம். அது வீணான நேரமில்லை. இளஞ்சிவப்பு நிறத்தில் காசா ரொசாதா எனும் அதிபர் மாளிகை, எதிர்ப்புறம் வெள்ளையடித்த கபில்தோ எனும் காலனியகால நகர மன்றம், வடபுறம் தலைமைப் பேராலயம். கபில்தோவின் முகப்பில் ஒரு காலத்தில் பதினொரு வளைவுகள் இருந்தன. ஒருபுறம் அவெனிதா தெ மாயோ சாலைக்காக மூன்றையும், மறுபுறம் இன்னொரு சாலைக்காக மூன்றையும் இடித்துத் தள்ளியதால் இப்போது ஐந்துதான் மிச்சம். 1810 மே மாதப் புரட்சி முளைத்த கட்டடத்துக்கே அந்த நகரம் காட்டிய மரியாதை இது என்று வழிகாட்டி சிரிக்காமல் சொன்னார். பேராலயத்துக்குள் விடுதலைத் தளபதி சான் மார்தீனின் கல்லறை இருக்கிறது. பிற்பாடு போப் பிரான்சிஸ் ஆன பெர்கோலியோ பேராயராக இருந்ததும் அங்கேதான்.

சதுக்கத்தின் நடுவிலுள்ள சிறிய பிரமிடுத் தூணைச் சுற்றித் தரையில் வெள்ளைத் தலைத்துணிகள் வரையப்பட்டிருக்கின்றன. இராணுவ ஆட்சியில் காணாமற்போன பிள்ளைகளைத் தேடி 1977 ஏப்ரல் 30 அன்று இங்கே பதினான்கு பெண்கள் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்று காவலர் விரட்டியதால் அவர்கள் தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். அந்த நடை இன்றும் நிற்கவில்லை. அடையாளத்துக்காக முதலில் தலையில் கட்டியது, தங்கள் குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டிய துணி. மனித உரிமை அமைப்புகள் காணாமற்போனோர் 30,000 பேர் என்கின்றன. எங்கள் சுற்றுலா வெள்ளிக்கிழமை தொடங்கியது. அன்னையர் நடப்பது வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு. ஒரு நாள் முன்னதாக நான் தற்செயலாக அங்கே போயிருந்ததால் அதைப் பார்க்கக் கிடைத்தது. இவ்வளவு அழகாக இந்த வரலாற்றைச் சொல்லத் தெரிந்த ஒரு நிறுவனம், பதிவு செய்பவர்களிடம் "வியாழனன்றே வந்துவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதாதது எனக்குப் புரியவில்லை.

அங்கிருந்து தெற்கே தெஃபென்சா வீதி. 1806, 1807 ஆண்டுகளில் இருமுறை படையெடுத்து வந்த ஆங்கிலேயரை நகர மக்கள் எதிர்த்துக் காத்ததால் 'தற்காப்பு' என்று பொருள்படும் இந்தப் பெயர். சாந்தோ தொமிங்கோ ஆலயத்தின் கோபுரம் ஒன்றில் அந்தப் போரின் பீரங்கிக் குண்டு வடுக்களை இன்றும் காட்டுகிறார்கள். அர்ஜென்டினக் கொடியை வடிவமைத்த பெல்கிரானோவின் கல்லறை அந்த ஆலயத்தின் வாசலிலேயே இருக்கிறது. இன்னும் சற்று நடந்து சிலே வீதி மூலைக்கு வந்தால், மாஃபால்தா என்ற கேலிச்சித்திரச் சிறுமியின் சிலை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அவளோடு படம் எடுக்க நீண்ட வரிசை. எங்கள் குழுவும் அதில் நின்று இருபது நிமிடத்தைத் தொலைத்தது.

நான் மறக்காத இடம் அதற்கு அடுத்து வந்தது. தெஃபென்சா வீதியில் எசெய்சா குடும்பத்தின் பழைய வீடு, அசல் மூன்று கட்டு வீடு. குறுகலான முகப்பைக் கடந்து உள்ளே போனால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முற்றங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி அறைகள், மாடியில் இரும்புக் கம்பிப் பிடியோடு நடைவழி. முதல் முற்றம் விருந்தினருக்கு, இரண்டாவது குடும்பத்துக்கு, மூன்றாவது வேலையாட்களுக்கும் அடுப்படிக்கும் என்று இந்த வகை வீடுகளைக் கட்டினார்கள். செல்வந்தர் விட்டுப் போன இத்தகைய வீடுகளுக்கு வந்த பெயர் 'கொன்வென்தீஷோ'. எழுத்தைப் பார்த்து நான் 'கொன்வென்தீயோ' என்று படித்தேன். இந்த ஊரில் 'll' என்ற எழுத்துக்கு 'ஷ' என்ற ஒலி, தெருவுக்குக்கூட 'காஷே' என்றுதான் சொல்கிறார்கள். ஓர் அறையில் ஆறேழு பேர், முற்றம் முழுக்கத் துவைத்த துணி, தண்ணீருக்கு ஒரே குழாய், அதன் முன் வரிசை, வரிசையில் சண்டை. ஸ்பானியத்தோடு இத்தாலிய வட்டாரச் சொற்கள் கலந்து 'லுன்ஃபார்தோ' என்ற தெருமொழி வளர்ந்ததும், டாங்கோ இசை வளர்ந்ததும் இத்தகைய குடியிருப்புகளில்தான். இப்போது அந்த அறைகளில் பழம்பொருட்கள் விற்கிறார்கள். கடைசிக் கட்டின் கல்தரையில் பல தலைமுறைக் கால்கள் தேய்த்த பள்ளம் ஒன்று, முந்தைய நாள் மழைத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்தது. வழிகாட்டி எதுவும் பேசாமல் அதைக் கைகாட்டிவிட்டு, எங்களைப் பதினைந்து நிமிடம் எங்கள் போக்கில் விட்டார். நல்ல வழிகாட்டிக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், இவருக்குத் தெரிந்திருந்தது.

சான் தெல்மோவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். 1970 முதல் தொர்ரேகோ சதுக்கத்தில் அன்றுதான் பழம்பொருள் சந்தை கூடுகிறது. நான் வெள்ளியன்று குழுவோடும் ஞாயிறன்று தனியாகவும் போனேன். நீலம், பச்சை, செந்நிறக் கண்ணாடியில் பழைய சோடா சைஃபன் புட்டிகள் வெயிலில் வரிசையாக மின்னுவதையும், பேருந்துகளிலும் கடைப் பலகைகளிலும் பூவேலைச் சுருள்களோடு எழுதும் 'ஃபிலேத்தே' ஓவியர்கள் கண்முன்னே பெயர்ப்பலகை தீட்டுவதையும் பார்க்க ஞாயிறு நல்லது. ஆனால் அன்று வீதியில் தலைகள்தான் தெரியும், வீடுகள் தெரியாது. கட்டடங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமையே உகந்தது என்பது என் அனுபவம். இந்த வகையில் நிறுவனத்தின் அட்டவணை சரியே.

மதிய உணவு 1897ஆம் ஆண்டின் இரும்புக் கூரைச் சந்தைக்குள் ஏற்பாடாகியிருந்தது. பதிவு செய்தபோதே சைவம் என்று குறித்திருந்தும், எனக்கு வந்த இரண்டு எம்பனாதாக்களிலும் பன்றி இறைச்சித் துண்டு இருந்தது. கேட்டதற்குக் கடைக்காரர் உண்மையாகவே திகைத்தார். ஏனென்றால் அந்த ஊரில் 'கார்னே', அதாவது இறைச்சி, என்றால் மாட்டிறைச்சிதான். பாலாடைக்கட்டியோடு வைக்கும் பன்றித் துண்டு அவர்கள் கணக்கில் இறைச்சியில் சேராது. ஆகவே சைவர்கள் 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்பதோடு 'சின் ஹாமோன்' (பன்றித் துண்டு இல்லாமல்) என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எம்பனாதா பார்வைக்கு நம் சோமாசியேதான். ஆனால் ஓரத்தை மடிக்கும் விதம் உள்ளே இருக்கும் பூரணத்துக்கு ஏற்ப மாறும். கயிறு முறுக்கியது போன்ற மடிப்பு ஒன்று, முள்கரண்டியால் அழுத்திய மடிப்பு இன்னொன்று. எந்த மடிப்பு எதற்கு என்பது கடைக்குக் கடை வேறுபடுவதால், மடிப்பை நம்பி வாங்காமல் கேட்டே வாங்குங்கள். சோளமும் பாலும் கலந்த 'உமித்தா' கிடைத்தால் விடவேண்டாம்.

சைவர்களுக்கு அந்த நகரில் உண்மையான துணை பிட்சாக் கடைகள்தான். கொரியென்தெஸ் சாலையில் 1932 முதல் இயங்கும் குவெரின் கடையில், உள்ளூர்க்காரர்களைப் போலவே மேடையருகே நின்றுகொண்டு வெங்காயமும் பாலாடைக்கட்டியும் நிறைந்த 'ஃபுகஸ்ஸேத்தா' ஒரு துண்டு சாப்பிட்டேன். அதன்மேல் 'ஃபைனா' என்ற தகட்டை வைத்துத் தருகிறார்கள்: கொண்டைக்கடலை மாவைக் கரைத்து, எண்ணெய் விட்டு, பெரிய வட்டத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று, மிளகுத் தூள் தூவி. ஜெனோவாவிலிருந்து வந்த குடியேறிகள் கொண்டுவந்த பண்டம் அது. சுற்றுலாவின் மதிய உணவைத் தவிர்த்துவிட்டு இதற்காகவே தனியாகப் போகலாம்.

கஃபே தோர்தோனி பற்றியும் சொல்ல வேண்டும். 1858இல் தொடங்கியது, பளிங்கு மேசைகள், வண்ணக் கண்ணாடிக் கூரை, வாசலில் எப்போதும் வரிசை. காலையில் கதவு திறந்தவுடன் போனால் அமைதியாகப் பார்க்கலாம். மற்ற நேரத்தில் அது புகைப்படக் கூடம். நகராட்சி 'குறிப்பிடத்தக்க மதுக்கூடங்கள்' என்று பழைய காப்பிக் கடைகளுக்கும் மதுக்கூடங்களுக்கும் ஒரு பட்டியல் வைத்துக் காத்துவருகிறது. அதில் சான் தெல்மோவின் பார் எல் ஃபெடரால் எனக்கு மிகவும் பிடித்தது: செதுக்கிய மரமேடைக்குப் பின்னால் கடைக்காரர், ஓரத்தில் நாளிதழோடு ஒரு முதியவர், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போகச் சொல்ல ஆளில்லை.

இரண்டாம் நாள் லா போகா. இங்கேதான் எனக்கு மனக்குறை. ரியாச்சுவேலோ ஆற்றின் கழிமுகத்தில் ஜெனோவா மாலுமிகளும் துறைமுகத் தொழிலாளர்களும் பலகையாலும் நெளித் தகரத்தாலும் வீடு கட்டி, கப்பலுக்கு அடித்து மிஞ்சிய வண்ணத்தைப் பூசிக்கொண்ட பேட்டை அது. ஒரு வண்ணம் தீர்ந்தால் அடுத்ததைப் பூசியதால்தான் ஒரே வீட்டில் நாலு நிறம். ஆனால் பயணிகள் பார்க்கும் காமினித்தோ தெரு, கைவிடப்பட்ட இரயில் தடமொன்றைப் பெனீத்தோ கிங்கேலா மார்தீன் என்ற ஓவியர் முன்னின்று வண்ணமாக்கி, 1959இல் திறந்தவெளி அருங்காட்சியகமாக்கியது. அதன் பெயர் ஒரு டாங்கோ பாடலிலிருந்து வந்தது. அந்தப் பாடலின் வரிகளோ தொலைவிலுள்ள லா ரியோஹா மாகாணத்து ஒற்றையடிப் பாதையைப் பற்றியவை. இவ்வளவு சுவையான விவரங்கள் இருந்தும், எங்களை அந்தத் தெருவில் இறக்கிவிட்டு, ஒரு தோல்பொருள் கடையில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார வைத்தார்கள். தோலின் தரம் பற்றி ஒரு சொற்பொழிவு, பிறகு ஒரு கோப்பை மது, பிறகு விலைப்பட்டியல். யாரும் வாங்கவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் சுற்றுலாவில் இந்தக் கடையேற்றம் இருக்கவே கூடாது.

அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் நடந்தே போயிருக்கக்கூடிய தூரத்தில்தான் கிங்கேலா மார்தீனின் அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தையாக அனாதை இல்ல வாசலில் விடப்பட்டு, கரி விற்ற ஒரு குடும்பத்தால் வளர்க்கப்பட்டு, துறைமுகத்தில் கரி மூட்டை சுமந்தவர். ஓவியத்தில் சம்பாதித்ததைக் கொண்டு தம் பேட்டைக்கே பள்ளிக்கூடமும் அருங்காட்சியகமும் எழ வழிசெய்தவர். மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்தேன். கித்தானில் வண்ணத்தைக் கத்தியால் அப்பி அப்பி, மூட்டையோடு பலகைப் பாலத்தில் குனிந்து ஏறும் ஆட்களை அவர் தீட்டியிருக்கும் விதத்தைப் பார்த்த பிறகு, காமினித்தோவின் வண்ணங்கள் வெறும் அலங்காரமாகத் தெரியவில்லை. தம் சவப்பெட்டிக்கும் அவர் முன்கூட்டியே வண்ணம் தீட்டி வைத்திருந்தார். அருங்காட்சியகத்தின் மாடியிலிருந்து ஆறும், 1914ஆம் ஆண்டின் இரும்புக் கடவைப் பாலமும் தெரிகின்றன. ஆற்றின் வாடையும் மேலேறி வரும்; நாட்டின் மிக மாசுபட்ட நீர்நிலைகளில் ஒன்று அது.

லா பொம்பொனெரா கால்பந்து மைதானத்தை வெளியிலிருந்து மட்டும் காட்டினார்கள். போகா ஜூனியர்ஸ் அணியின் நீலமும் மஞ்சளும், துறைமுகத்துக்குள் அடுத்து வரும் கப்பலின் கொடி நிறத்தையே வைத்துக்கொள்வோம் என்று முடிவுசெய்தபோது வந்த சுவீடன் கப்பலிலிருந்து கிடைத்தவை என்பது அந்த ஊர்க் கதை. சிவப்பும் வெள்ளையும் எதிரணியான ரிவர் பிளேட்டின் நிறங்கள் என்பதால், கோக கோலா விளம்பரத்துக்கே அங்கே கறுப்பு வெள்ளை அடித்துவிட்டார்கள். தனியாகப் போகிறவர்கள் 29 அல்லது 152ஆம் எண் பேருந்தில் போய், பகலிலேயே திரும்பிவிட வேண்டும். சுற்றுலாத் தெருக்களைத் தாண்டி உள்ளே அலைவது உசிதமல்ல என்று கடைக்காரர்களே எச்சரிக்கிறார்கள். பேருந்தில் பணம் வாங்குவதில்லை. 'சூபே' என்ற அட்டையை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் வடக்கே ரெகொலெத்தா. காய்ச்சலுக்கு அஞ்சி வந்தவர்கள் பாரிஸைப் பார்த்துக் கட்டிய வீடுகள், பழைய மடமொன்றின் தோட்டத்தில் 1822இல் தொடங்கிய இடுகாடு. உயிரோடு இருந்தபோது தெருவும் வீடுமாக வாழ்ந்தது போலவே இறந்த பின்னும் தெருவும் வீடுமாகக் கிடக்கிறார்கள். அதிபர் ஹுவான் பெரோனின் மனைவி ஏவா பெரோனின் கல்லறை ஒரு சந்துக்குள் இருக்கிறது. கறுப்புக் கல், குடும்பப் பெயர் துவார்த்தே, கதவுக் கம்பியில் செருகிய பூக்கள். 1952இல் 33 வயதில் இறந்த அவருடைய பதப்படுத்திய உடலை, 1955இல் ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் கடத்தி, மிலான் நகரில் வேறு பெயரில் புதைத்தார்கள். அது நாடு திரும்பியது 1974இல், இங்கே வந்து சேர்ந்தது 1976இல். ஏழைகளின் நாயகி பணக்காரர்களின் இடுகாட்டில் கிடக்கும் முரணை வழிகாட்டி நன்றாக எடுத்துச் சொன்னார். அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை நானாகக் கண்டுபிடித்தேன்: தாவித் அலேனோ என்ற இடுகாட்டுக் காவலாளி, பணம் சேர்த்துத் தமக்கும் அங்கே இடம் வாங்கி, சாவிக் கொத்து, துடைப்பம், பூவாளியோடு தம் உருவத்தைப் பளிங்கில் செதுக்கி வைத்திருக்கிறார். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் தனி. அது சுற்றுலாக் கட்டணத்தில் அடங்காது என்பதை வாசலில்தான் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் பலெர்மோ. ரோஜாத் தோட்டம், ஜப்பானியத் தோட்டம், துணிக்கடைகள். இதற்கு வழிகாட்டி எதற்கு? கார்லோஸ் தேய்ஸ் என்ற தோட்டக் கலைஞர் நகரமெங்கும் நடச் செய்த ஜகரண்டா மரங்கள் நவம்பரில் ஊதாவாகப் பூத்துக் கொட்டிக்கிடந்ததுதான் அன்றைய லாபம். அதை இலவசமாகவே பார்க்கலாம்.

அந்த ஒரு நாளுக்கான பணத்தைத் தியாத்ரோ கொலோன் இசையரங்கம் தானே நடத்தும் சுற்றுக்குச் செலவிடுங்கள் என்பேன். 1908இல் திறந்த அரங்கு. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான சுற்று. தரைத்தளத்தின் இருபுறமும் இரும்புக் கம்பித் தடுப்பு போட்ட இருண்ட அறைகளைக் காட்டினார்கள். துக்கம் காக்கும் விதவைகள் வெளியே கேளிக்கையில் தென்படக் கூடாது என்பதால், பிறர் கண்ணில் படாமல் இசை கேட்க அமைத்தவை அவை. அந்தக் கம்பிக்குப் பின்னால் சற்று நேரம் நின்று மேடையைப் பார்த்தேன். மேடை தெரிகிறது, எதிரே அமர்ந்திருப்பவரின் முகம் தெரிவதில்லை. அரங்கிலிருந்து சிறிது தொலைவில், சாந்தா ஃபே சாலையில், 1919ஆம் ஆண்டின் நாடக அரங்கைப் புத்தகக் கடையாக்கிய எல் அதெனேயோ இருக்கிறது. மேடையில் காப்பிக் கடை, மாடங்களில் உட்கார்ந்து படிக்க இடம். ஸ்பானியம் தெரியாவிட்டாலும் அரை மணி நேரம் போவதே தெரியாது.

கடைசி நாளில் நிறுவனத்தின் அலுவலகத்தில், முதல் நாளை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார்கள், மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல் விலைதான். ஆனால் அவர்களுடைய இணையதளத்தில் அந்தத் தெரிவே இல்லை. இதே வழித்தடத்தில் எந்த நிறுவனத்திடம் பதிவு செய்தாலும் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். கூடவே, தோல்பொருள் கடைக்கு அழைத்துப் போவீர்களா என்பதையும் எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.